மனு எழுதிப் பழகிய கை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் மனு எழுதுவது நான்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தொடங்கிய உத்தியோகம் அது. ஆசிரியையாகி ஹட்டனில் குடியேறிய பிறகும், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போனால் யாராவது ஒரு வெள்ளைத்தாளோடு வாசலில் நிற்பார்கள். என் மனுவில் முக்கால் பக்கத்துக்கு வணக்கமும் தோட்டத்தை நடத்தும் துரையின் பெரிய மனதும் இருக்கும். கேட்க வேண்டிய விஷயம் கடைசிப் பந்தியில், "இயலுமாயின்" என்ற சொல்லோடு தலையைக் குனிந்துகொண்டு வரும். இதில் எனக்குப் பெருமை வேறு.

அதே கையால்தான் ஏஐ ஆய்வுக் கருவிக்கும் எழுதினேன். வேலை பார்த்துக்கொண்டே முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். ஆய்வுக்கான முன்மொழிவை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் திரும்பினால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். "நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்றே எனக்குத் தெரியவில்லை" என்று என் சிங்களப் பேராசிரியை இரண்டு முறையும் எழுதியிருந்தார். இதுவரை யாரும் கேட்காத கேள்வியாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

எனக்குத் தெரியும், ஆனால் எழுதத்தான் கூச்சம். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக் கழிவறை கிடையாது. தண்ணீர் குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. அதனால் பொழுதுக்கும் குடிக்காமலேயே இருந்துவிடுவார்கள். இதை எப்படிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது என்று தயங்கி, "பெருந்தோட்டப் பெண்களின் ஆரோக்கிய நிலைமைகள்" என்று ஒரு பெரிய போர்வையைப் போர்த்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை அனுப்பும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லயத்தில் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியில் தட்டினேன். "வணக்கம். பெருந்தோட்டத் துறையில் அயராது உழைக்கும் பெண்களின் சுகாதாரம் தொடர்பாகத் தங்களிடம் தகவல்கள் ஏதேனும் இருப்பின் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." கருவியும் பணிவாகத்தான் பதில் சொன்னது. பத்துப் பந்தி வந்தது. பாதி அஸ்ஸாமைப் பற்றி, மீதி கென்யாவைப் பற்றி. அது காட்டிய கட்டுரைகளில் ஒன்றைத் தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இல்லை.

தங்கச்சி என்னைவிட இரண்டு வயது இளையவள். தோட்டத்தில் கொழுந்துக் கங்காணி, அதாவது கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மேற்பார்வை. கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் என்ன எழுதினாய் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்க்கா, இது கேள்வியா, கல்யாணப் பத்திரிகையா? நான் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல ஆளுகளக் கூட்டி வச்சு இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்? 'அம்மாமாரே, வசதிப்பட்டா எங்கயாச்சும் போயி ஏதாச்சும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.' பொழுது சாயுறப்ப கூடையில புல்லுதான் இருக்கும்."

"பின்ன நீ எப்படிச் சொல்லுவியாம்?"

"எந்த மலை, எந்த நெர, என்னா கொழுந்து எடுக்கணும், எத எடுக்கக் கூடாது, எத்தன மணிக்குத் தராசுல நெறுவ. அம்புட்டுத்தான். அந்த மலைக்குப் போன கெழம மருந்து அடிச்சிருந்தா அதையும் சொல்லணும். நான் சொல்லாம விட்டா அவங்க மேல தப்பில்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பட்டப்படிப்பு முடித்தவள் நான், பாடம் நடத்துகிறாள் இவள். "மிஷினா இருந்தாலும் மரியாதையாக் கேக்க வேணாமா?" என்றேன்.

"மரியாத இருக்கட்டும். வேலையச் சொல்லு."

கோபம் அடங்கியதும் இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினோம். எந்தப் பொம்பளைகள், மலையில் நிற்கிறவர்களா, ஃபெக்டரியில் இருப்பவர்களா என்று கேட்டாள். ஃபெக்டரியில் கழிவறை இருக்கிறதே, அவர்களைச் சேர்த்தால் கணக்கே மாறிவிடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஊர் என்றாள், எழுதினேன். என்னதான் கேட்கப் போகிறாய் என்றாள். "நீர் அருந்தும் பழக்கவழக்கங்கள்" என்று முனகினேன்.

"ஒண்ணுக்குப் போக எடமில்லாம தண்ணி குடிக்காம இருக்காங்கன்னு எழுதுக்கா. அப்படி இருக்கிற எங்களுக்கு வெக்கமில்ல, எழுதுற ஒனக்கு வெக்கமா?"

பழையதை அழித்தேன். எழுதினேன். "இலங்கையின் மலைநாட்டில் கொழுந்து எடுக்கும் பெண்கள், வேலையிடத்தில் கழிவறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்களா? அந்தப் பெண்களிடமே நேரில் கேட்டுச் செய்த ஆய்வுகளை மட்டும் தேடு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தேடு. தொழிற்சாலையில் வேலை செய்பவர்களையும் வேறு நாடுகளையும் சேர்க்காதே. ஒவ்வொன்றையும் எங்கே படித்தாய் என்று இணைப்புக் கொடு." முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "கெடைக்கலன்னா கெடைக்கலன்னு சொல்லச் சொல்லு, வெறுங்கூடைக்குள்ள கல்லப் போட்டுக்கிட்டு வரப் போவுது" என்றாள். அதையும் என் தமிழில் சேர்த்தேன்.

இந்த முறை பதில் அரைப் பக்கம்தான். தோட்டப் பெண்களின் உடல்நலம் பற்றிய சில கட்டுரைகளைக் காட்டியது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தன. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியையே கேட்ட ஆய்வு எதுவும் என் தேடலில் கிடைக்கவில்லை என்று கடைசியில் சொல்லியிருந்தது. தொலைபேசியைத் தங்கச்சியிடம் நீட்டினேன்.

"போச்சு. ஒண்ணும் இல்லையாம்."

"ஒருத்தருமே கேக்கலையாமா?"

"கேட்ட மாதிரி தெரியல."

"அப்ப நீ போயிக் கேளு. அதுக்குத்தானே படிக்கிற?"

அவளை லீக்ஸ் வாசனையோடு கட்டிப்பிடித்தேன். இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்றைக் காட்டுங்கள் என்றுதான் பேராசிரியை இத்தனை நாளும் கேட்டிருந்தார். கருவியின் பேச்சை மட்டும் நம்பாமல் ஒரு வாரம் நூலகப் பட்டியல்களிலும் தேடினேன். அங்கேயும் இல்லை. மூன்றாவது முன்மொழிவை இரண்டே பக்கத்தில் எழுதினேன், கேள்வி முதல் வரியிலேயே இருந்தது. பேராசிரியை தொலைபேசியில் அழைத்து, இந்த முறை முதல் வரியிலேயே புரிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அனுமதிகள் எல்லாம் வாங்கிக்கொண்டு, கேள்வித்தாளோடு லயத்துக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் கூச்சப்படுவார்கள், கெஞ்சித்தான் பேச வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். தங்கச்சி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரிடம் கேட்டு முடித்து வெளியே வந்தால், வாசலில் ஏழெட்டுப் பேர். நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் பேரில்லாதவர்களும் இருந்தார்கள். மேல் லயத்து அக்கா ஒருவர், அறுபதை நெருங்கியவர், எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

"இத்தன வருஷமா மலையில நிக்கிறேன், இத ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல" என்றார். "தாள் நெறைய வச்சிருக்கீங்களா, டீச்சர்?"