வெள்ளவத்தையில் ஓடிய ரைன் நதி

என் அத்தான் ஜேர்மனிக்குப் போனவரல்ல. பக்கத்திலுள்ள கல்கிசைக்கு றெயிலில் போனாலே அவருக்குத் தலை சுற்றும். எலுமிச்சம்பழத்தை மணந்துகொண்டுதான் வருவார். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் வெள்ளவத்தை வீட்டு ஹோலில், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, அவர் ஜேர்மனியைச் சுற்றிக்கொண்டிருந்தார். துணைக்கு, கோட்டில் வழக்குப் பேசும் பக்கத்து வீட்டுப் புரொக்டர். எனக்கு அப்போதுதான் பம்பலப்பிட்டியில் படிப்பிக்கும் வேலை கிடைத்து, அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அதனால் இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்க நேர்ந்தது.

அத்தான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர். பயணிகளுக்கென்று அச்சடித்த வண்ணப் புத்தகங்கள் பழசானால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். குன்றுமேல் கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள், தொப்பியில் இறகு குத்திய கிழவர்கள். சுவரில் ரைன் நதியின் பெரிய படமொன்று. அதன்முன் பிரம்போடு நின்று விளக்குவார்.

"இந்த வளைவிலைதான் ஆழம் கூட, புரொக்டர். கவனமாய் இருக்கவேணும்."

புரொக்டர் கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொள்வார்.

இந்த மட்டில் நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒருநாள் அத்தானுக்கு ஜேர்மன் சாப்பாடு வேண்டுமென்று தோன்றிவிட்டது. ஏதோ ஒரு புத்தகத்தில் புளிக்கவைத்த கோவாவை, அதாவது முட்டைக்கோசைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. கோவாவை அரிந்து உப்புப் போட்டு, சாடியில் அடைத்து, கல்லேற்றி வைக்கச் சொன்னார். இந்த ஊர் வெக்கையில் மூன்றாம் நாளே சாடி நுரைத்தது. ஐந்தாம் நாள் அடுத்த வளவுக்காரர் எங்கள் சாக்கடைக் கானில் ஏதோ செத்துக் கிடக்கிறதென்று சொல்லிக்கொண்டு வந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு பறங்கி மனுசி பன்றியிறைச்சியைக் குடலில் அடைத்து விற்றா. அதையும் வாங்கிவந்து பொரிக்கச் சொன்னார். அக்கா முட்டையே தொடாத சைவம். பின்வளவில் மூன்று கல் வைத்து, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பொரித்துக் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகுவா. உள்ளே அந்த இரண்டு பேரும் முள்ளுக்கரண்டியால் குத்திக் குத்தி, "ஆஹா" என்பார்கள். புரொக்டர் கோவாவை வாயில் வைத்ததும் கண் கலங்குவார். சுவையில் என்று அத்தான் சொல்லுவார்.

அப்படியிருக்கும்போது ஒரு ஜேர்மன் கப்பல் பழுதுபட்டுத் துறைமுகத்தில் நின்றது. அதில் இஞ்சின் வேலை செய்யும் ஒருவன் கடதாசி அலுவலாக அத்தானின் கந்தோருக்கு வர, அத்தான் அவனைக் கையோடு ஞாயிறு விருந்துக்கு அழைத்துவிட்டார். இருபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் சிவந்த கழுத்து, கழுவியும் போகாத எண்ணெய்க் கறை படிந்த நகங்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அத்தான் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஜேர்மன் வரவேற்பை ஒப்புவித்தார். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அரைகுறை இங்கிலீசில், தனக்குத் தமிழ் தெரியாது என்றான்.

மேசையில் கோவாவைக் கண்டதும் அவன் முகம் விழுந்துவிட்டது. கப்பலில் தினமும் இதுதான் என்றான். பிறகு மூக்கை உயர்த்தி, உள்ளேயிருந்து வருவது என்ன மணம் என்று கேட்டான். அக்கா தனக்கும் எனக்கும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தா. அத்தான் தடுக்கமுதல் அவன் எழுந்து குசினிக்கு வந்துவிட்டான். பலகையில் சம்மாணம் கொட்டி இருந்து, கையாலேயே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். உறைப்பில் மூக்கால் ஒழுக, துடைத்துத் துடைத்துச் சிரித்தான்.

"பாவம், தாய் வீட்டை விட்டு எத்தினை மாசமோ," என்று அக்கா இன்னும் கொஞ்சம் போட்டா.

அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. அவனை ஹோலுக்குக் கூட்டிப்போய்ப் படத்தின்முன் நிறுத்தி, எந்தக் கோட்டை மிகவும் அழகு என்று கேட்டார். தான் வடக்கே ஒரு துறைமுகத்தில் பிறந்தவன், ரைன் நதியைக் கண்ணாலும் கண்டதில்லை, லீவு கிடைத்தால் நித்திரைதான் என்று அவன் சொன்னான். அத்தான் பிரம்பை எடுத்தார். ஒரு மணித்தியாலம், அந்த ஜேர்மன்காரனுக்கு ஜேர்மனியைப் படிப்பித்தார். அவன் கைகட்டி நின்று கேட்டான். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

அவன் போனபிறகு அத்தான் சொன்னார்: "இவன் அசல் ஜேர்மன்காரன் இல்லை. சும்மா கப்பல்காரன்."

"ஓம், ஓம், பார்க்கவே தெரியுது," என்றார் புரொக்டர்.

அக்கா சாடியைத் தூக்கிக்கொண்டுபோய், கடற்கரைத் தண்டவாளத்துக்கு அப்பால் கொட்டிவிட்டு வந்தா. "இனி இந்த வீட்டிலை கோவா எண்டால் தேங்காய்ப்பூப் போட்ட வறைதான்," என்றா. கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் அக்கா அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னது அன்றைக்குத்தான்.

இரண்டு வருசத்தில் ஜேர்மனிக்கும் இங்கிலீசுக்காரருக்கும் யுத்தம் வந்தது. செய்தி வந்த அன்றே ரைன் நதி சுருண்டு அடுப்புக்குள் போனது. அத்தான் குண்டுவீச்சுக் காவலுக்குத் தொண்டராகச் சேர்ந்து, இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாய் நடந்து, ஜேர்மன்காரரை ஒருநாளும் நம்பக்கூடாதென்று தான் முதலே சொன்னதாக எல்லாரிடமும் கதைத்தார். புரொக்டர் அதற்குச் சாட்சி.

ஒருநாள் அக்கா சோறு போடும்போது, "அந்தப் பெடியனுக்கு என்ன நடந்திருக்குமோ?" என்று கேட்டா.

"எந்தப் பெடியன்? இஞ்சை ஒருத்தரும் வரேல்லை," என்றார் அத்தான், யன்னலைப் பார்த்தபடி.

அக்கா அகப்பையை வைத்துவிட்டு எழுந்துபோனா. இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை. நானும் கதைத்திருக்கக்கூடாது. ஆனால் கொழும்பில் எனக்குத் தங்க வேறு வீடு இல்லை. அக்கா எழுந்துபோன கையோடு, "ஓம் அத்தான், ஒருத்தரும் வரேல்லை," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.