திதிக்கு ஒரு டிக்கட்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதலாண்டுத் திவசத்துக்கு, அண்ணன் வரவேண்டும். அவர் இஸ்ரேலில், ஹைஃபாவில், எண்பத்தாறு வயது முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். தகப்பனுக்கு மூத்த மகன்தான் திவசம் செய்யவேண்டும் என்பது எங்கள் வழக்கம். படித்த முட்டாளான நான், அப்பா இறந்த ஆங்கிலத் திகதியைப் பார்த்து டிக்கட் போட்டுவிட்டேன். திதி பதினொரு நாள் முந்தி வருகிறது என்று ஐயர் சொன்னது ஏப்ரல் தொடக்கத்தில். டிக்கட்டை மாற்றத்தான் இந்தப் பயணம்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றர்தான். 7.50 ரயில் 8.20க்கு வந்தது. கோட்டை வரை முப்பது ரூபா. பம்பலப்பிட்டிக்குப் பிறகு நெரிசலில் ஒற்றைக் காலில்தான் நின்றேன். கோட்டையிலிருந்து ஓட்டோ, மூன்று கிலோமீற்றர். சாரதி ஐநூறு கேட்டார்.

"மீட்டர் இல்லையா?"

"இந்த ட்ரஃபிக்ல மீட்டர் போட்டா எனக்குக் கட்டாது அண்ணே."

நானூறுக்கு இறங்கினார்.

டிக்கட் கந்தோரில் இருந்த அக்கா கணினியைத் தட்டிப் பார்த்தார். "சீட் இருக்கு தம்பி. மாத்த முன்னம் அண்ணரிட்ட ஒருக்காக் கேளுங்க," என்றார். அங்கிருந்தே அழைத்தேன்.

"அண்டைக்கு ஏலாதடா," என்றார் அண்ணன். "அது இவையின்ர சுதந்திர தினத்துக்கு முதல் நாள். நாடு உண்டாகின சண்டையில செத்தவையை நினைக்கிற நாள். நான் பாக்கிற கிழவரின்ர அண்ணர் அதில செத்தவர்."

"சுதந்திர தினம் மே பதினாலு தானே?"

"இங்கையும் பிறைக் கணக்குப் பாத்துத்தான் நாள் வைக்கினம்."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. எங்கள் நாட்டுக்கும் அதே 1948ஆம் ஆண்டில்தான் சுதந்திரம். பெப்ரவரி நாலு என்றால் நாலுதான். ஒரு பஞ்சாங்கத்தோடு மாரடிப்பதே பெரும்பாடு, இதில் இரண்டாவதும் வந்து சேர்ந்தது.

"அந்தாளுக்கு வேற ஒருத்தரும் இல்லையா?"

"இல்லை. அண்ணரின்ர கல்லறையில, செத்தவையை நினைச்சுச் சைரன் அடிக்கேக்க எல்லாரும் எழும்பி நிக்கவேணும். நான் பிடிக்காட்டி இவரால நிக்க ஏலாது. அப்பாவுக்கு நீ இருக்கிறாய்."

"அப்ப நீங்கள் மூத்த மகன் எண்டு எதுக்கு இருக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன். அக்கா பிளேன்டீ வரவழைத்துத் தந்தார். டிக்கட்டை மாற்றவில்லை, ரத்துச் செய்தேன்.

வெளிநாட்டிலிருப்பவரைத் திவசத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் ஐயரிடம் திதி கேளுங்கள். பிறகு அந்த நாட்டு விடுமுறைகளைப் பாருங்கள். டிக்கட் அதற்கப்புறம்தான். கொட்டாஞ்சேனைக்கு ரயிலில் போவதானால் ஒன்பது மணிக்குப் பின் கிளம்புங்கள், இரண்டு காலிலும் நிற்கலாம்.

திவசத்தை நான்தான் செய்தேன். அன்றைக்கும் கோபம் ஆறவில்லை. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு முடிந்ததும், இன்னொருவருக்கும் விடவேண்டும் என்றேன். ஐயர் பெயர் கேட்டார்.

தெரியாது, ஹைஃபாவில் ஒரு முதியவருடைய அண்ணன் என்றேன்.