மாட்டுக்கு நிரப்பிய ஊசி

2003ஆம் ஆண்டு, சமாதான காலம். நெடுந்தீவில் மழை விட்டு வாடைக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. நான் அப்போது தீவுப்பகுதியில் அரச மிருக வைத்தியர். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போய், பின்னேர வள்ளத்தில் திரும்பி வருவேன்.

அந்த மாரியில் மாடுகளுக்கு நுரையீரல் காய்ச்சல் வந்தது. மூக்கால் வடிய, கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்கு இழுத்தன. எங்களிடம் இருந்த பெனிசிலினை நாள் தவறாமல் போட்டால்தான் பயன் தரும். ஆனால் நெடுந்தீவு மாடு கட்டையில் கட்டி வளர்க்கிற மாடல்ல. வெளியில் திரிந்து தானே மேயும். இன்றைக்கு ஊசி போட்ட மாடு நாளைக்கு என்னைத் தூரத்தில் கண்டாலே ஓடிவிடும். முதல் ஊசியோடு மருந்து நிற்கும், மாடு செத்துப்போகும்.

டில்மிகோசின் என்ற மருந்தைப் பற்றி வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வாசித்திருந்தேன். தோலுக்குக் கீழே ஒரே ஒரு ஊசி. இரத்தத்தில் அதிகம் நிற்காமல் நுரையீரலில் போய்ச் சேர்ந்து, நாட்கணக்கில் அங்கேயே இருந்து கிருமியைக் கொல்லும். நெடுந்தீவு மாட்டுக்கென்றே செய்த மருந்து போல எனக்குத் தோன்றியது. அது இங்கே கிடைக்காது. மாட்டுப்பட்டி வைத்திருந்த ஒருவரின் தமையன் கனடாவில் பண்ணையொன்றில் வேலை செய்தார். அவர் ஊருக்கு வந்தபோது, நான்தான் சொல்லி ஒரு போத்தல் எடுப்பித்தேன். மேலிடத்தில் அனுமதி கேட்கவில்லை.

போத்தலோடு வந்த குறிப்பை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். மனித உடம்பில் ஏறினால் இதயத்தைத் தாக்கும், உயிர் போகலாம், அதை முறிக்க மருந்து கிடையாது. மருந்து நிரப்பிய ஊசியுடன் நடமாடக் கூடாது. எல்லாம் விளங்கியது. ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாடு பிடிக்க யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த மாட்டுப்பட்டிக்காரரின் மாடுகளுக்கே முதலில் போடுவதாக ஏற்பாடு. நாற்பது வயது மதிக்கத்தக்க, வேடிக்கையாகப் பேசுகிற மனிதர். அவரும் மனைவியும் ஒரு சிவத்த பசுவைத் துரத்தி, இரண்டு முருகைக்கல் வேலிகள் சந்திக்கிற மூலைக்குள் விட்டார்கள். மனைவி பனை மட்டையோடு வழியை மறித்து நின்றார். கணவர் கொம்பில் கயிறு எறிந்தார். கயிறு விழுந்த பிறகு போத்தலைத் திறந்து மருந்து இழுக்க மாடு நேரம் தராது. அதனால் நெடுந்தீவில் நான் எப்போதும் செய்வது போல, ஊசியை முன்பே நிரப்பி, மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். பெனிசிலின் என்றால் அதில் ஒரு பிழையும் இல்லை.

பசு தலையை வீசியது. அவர் என் மேல் சாய்ந்தார். நாங்கள் இருவரும் வேலியோடு மோதினோம். எழும்பிப் பார்த்தபோது ஊசி அவர் உடுத்திருந்த சாரத்தைத் துளைத்துத் தொடையில் குத்தி நின்றது.

"ஐயா, கனடா மருந்து எண்டு பொத்திப் பொத்தி வைச்சிருந்தியள். கடைசியில எனக்கெல்லோ போட்டிட்டியள்!" என்றார் அவர்.

மனைவி மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லதுதான். மாட்டை விட இவர்தான் ஐயா கூட இருமுறவர்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஊசியைப் பார்த்தேன். பாதி மருந்து இல்லை. சாரம் கொஞ்சம் நனைந்திருந்தது. சாரத்தில் எவ்வளவு, உடம்பில் எவ்வளவு?

"ஒண்டுமில்லை. நல்லாத் தண்ணி விட்டுக் கழுவும்," என்றேன்.

அந்த 'ஒண்டுமில்லை' என்ற சொல் எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அனுமதியில்லாத மருந்து, விசாரணை, என் பென்சன் — இவைதான் முதலில் நினைவுக்கு வந்தன. அந்த மனிதர் அதற்குப் பிறகுதான் வந்தார்.

அவர்களுடைய விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். காயம் பார்க்கிற சாட்டில் அவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தேன். வேகமாக ஓடியது. "மாட்டோட ஓடினது ஐயா," என்றார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் என்னை நம்பவைத்தேன். சற்றுக் கழித்து மறுபடி பார்த்தேன். வேகம் குறையவில்லை.

சைக்கிளில் இறங்குதுறைக்குப் போன ஒருவர் படலையில் நின்று கூப்பிட்டார். "ஐயா, வள்ளம் வெளிக்கிடப் போகுது. வரேல்லையோ?"

அதுதான் அன்றைக்குக் கடைசி வள்ளம். அதில் இவரை ஏற்றினால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம். ஆனால் ஏன் என்று சொல்லவேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

"இல்லை, நான் இண்டைக்கு நிக்கிறன்," என்றேன்.

"ஐயா நிக்கிறார் எண்டா மீன் வாங்கவேணும்," என்று மனைவி எழும்பினார்.

வள்ளத்தின் இயந்திரச் சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது போய்க் கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சைத் தடவினார். தலை சுற்றுகிறது என்றார். முகம் வெளிறி, வியர்த்துக் கொட்டியது. கதிரையிலிருந்து எழும்ப முயன்றவர் அப்படியே சரிந்தார்.

அயலவர் ஒருவரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி, தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் அண்மையில் வந்த ஒரு இளம் பெண் டொக்டர். என்ன ஊசி என்று கேட்டார். அப்போதும் நான் முழுதாகச் சொல்லவில்லை. மாட்டுக்குப் போடுகிற அன்டிபயோட்டிக், அலர்ஜியாக்கும் என்றேன். அவர் நம்பினார். நானும் படித்தவன்தானே. இரத்த அழுத்தம் விழுந்திருந்தது, நாடி பறந்தது. எல்லாம் அலர்ஜிக்குப் பொருந்தி நின்றன. அலர்ஜிக்குச் செய்யவேண்டியதையே அவர் செய்தார். அட்ரினலின் குப்பியை உடைத்து ஊசியில் இழுத்தார்.

இந்த மருந்து ஏறிய பன்றிகளுக்கு அட்ரினலின் போட்டுப் பார்த்தபோது அவை இன்னும் அதிகமாகச் செத்தன என்று அந்தக் குறிப்பில் இருந்தது. நான் பாய்ந்து டொக்டரின் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் பிள்ளை! அதைப் போட்டா ஆள் போயிடும்!"

"கையை விடுங்கோ ஐயா! அலர்ஜி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"பொய் சொல்லிப்போட்டன்."

மனைவி கட்டிலின் மறுபக்கத்தில் நின்றார். அவருக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் ஊசியை வைத்துவிட்டு, எவ்வளவு ஏறியது, எப்போது ஏறியது என்று மட்டும் கேட்டார். பிறகு ஒட்சிசன் பூட்டி, சேலைன் ஏற்றி, யாழ்ப்பாணத்துக்குத் தகவல் அனுப்பினார். "வள்ளத்தில ஏத்தியிருந்தா இப்ப பாதி வழி போயிருப்பார்," என்றார், என்னைப் பார்க்காமலே.

மீன்பிடிக்கிற ஒருவர் தன் படகைத் தர முன்வந்தார். கடலில் இறங்கக் கடற்படையிடம் அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்தோம். அனுமதி வந்ததும் படகுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு இயந்திரத்தை இழுத்தார். வாடைக்கடல் படகைத் தூக்கித் தூக்கி அடித்தது. டொக்டர் சேலைனைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார். கணவரின் தலை மனைவியின் மடியில் இருந்தது. நான் நாடியில் விரல் வைத்திருந்தேன். நடுக்கடலில் அது என் விரலுக்குக் கீழே நூல் போல மெலிந்தது. ஒருமுறை காணாமலே போனது. விரலை மாற்றி மாற்றி அழுத்தினேன். மறுபடி கிடைத்தது.

அப்போது மனைவி கேட்டார். "ஐயா, இது மனிசரைக் கொல்லும் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"வள்ளம் போக முதலே?"

"ஓம்."

அவர் குனிந்து கணவரின் முகத்தில் தெறித்த கடல்நீரைத் துடைத்தார்.

அந்த மனிதர் பிழைத்தார். பெரியாஸ்பத்திரியில் சில நாட்கள் இதயம் தள்ளாடி, பிறகு நிதானத்துக்கு வந்தது. நடந்ததை நானே மேலிடத்துக்கு அறிவித்தேன். கண்டித்தார்கள், அவ்வளவுதான். நான் பயந்த பென்சன் இன்றைக்கும் வருகிறது.

ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. ஐயா பாய்ந்து டொக்டரின் கையைப் பிடித்திராவிட்டால் ஆள் முடிந்திருப்பார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மனிதரே தன் மகளின் கலியாணத்தில் என்னை முன்வரிசையில் இருத்தி, "என்ர உயிரைக் காப்பாற்றினவர்" என்று சம்பந்திகளுக்குக் காட்டினார். பக்கத்தில் நின்ற மனைவி என் இலையில் சோறு போடச் சொல்லிவிட்டு அப்பால் போனார். நான் டொக்டரின் கையைப் பிடித்தது உண்மை. ஆனால் அந்தக் கையில் அட்ரினலின் வந்ததே என் பொய்யால்தான் என்பதை அந்தக் கலியாண வீட்டில் எழும்பிச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, அதனால்தான் இந்த வயதில் இங்கே எழுதுகிறேன்.