மலையில் கூப்பிட்ட பேர்

போன வாரம் மகனோடு காரில் கூலாய்க்குப் போய்க்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில், செம்பனை வரிசைக்கு முன்னால் ஒரே ஒரு புதர். நிறைய ஊதாப் பூ. "நிறுத்துடா" என்றேன். "ஹைவேயில எப்படிம்மா நிறுத்துறது?" என்று இன்னும் ஓர் அழுத்து அழுத்தினான். அலமாக், அப்படி என்ன தலைபோகிற அவசரமோ! அது செண்டுடுக், மலாய்க்காரர் வைத்த பேர். அதன் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். கல்யாணமான புதிதில் அதைத் தின்றுவிட்டு, மாமியார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காமல் தலையாட்டியே சமாளித்தவள் நான். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின காலம்.

மாசியில் பால்மரமெல்லாம், ரப்பர் மரம்தான், இலை கொட்டும். பங்குனியில் துளிர்த்துப் பூக்கும். அந்தப் பூவின் மணம் பிடிக்கும் என்பார்கள் சிலர். எனக்குத் தலைவலிதான் வரும். அப்போது பால் வெட்டு குறைவு, ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்படி ஒரு நாளில்தான், மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை பெற்றிருந்த என் அக்காவைப் பார்க்க, என் வீட்டுக்காரரும் நானும் நடந்து கிளம்பினோம். கல்யாணமாகிச் சில வாரம்தான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே அறை, நடுவில் சாக்குத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் மாமியார். வீட்டுக்காரரிடம் நான் பேசியதெல்லாம் குசுகுசுப்புதான்.

மலை என்றதும் பயந்துவிடாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகூட ஏறிவிடலாம். வழியெல்லாம் பச்சைப் புல், பெரணி, பேர் தெரியாத மஞ்சள் பூ. உச்சியில், "இங்கயே நில்லு, அந்த ஊதாப் பூவப் பறிச்சிட்டு வந்துர்றேன்" என்று அவர் சரிவில் இறங்கினார். எனக்கென்று அவர் செய்யப்போன முதல் காரியம். வெட்கம் பிடுங்கித் தின்றது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அறிவு கெட்டவள், எந்தப் பக்கம் போனார் என்றாவது பார்த்திருக்கலாம்.

ஆள் வரவில்லை. மேகம் கறுத்து, பட்டப்பகலே இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நாள் முன்புதான் அந்த மலையடியில் ஒரு பால்வெட்டுக்காரரைப் புலி இழுத்துப்போயிருந்தது. "ஏங்க!" என்றேன். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். மலைதான் அதைத் திருப்பிச் சொன்னது. சரிவில் இறங்கினால் புதரில் அவர் துண்டு சிக்கிக் கிடக்கிறது. அதற்கும் கீழே, பெரணிக்குள் என்னவோ அசைந்தது. மறுபடி கூப்பிட்டேன், அசைவு சட்டென்று நின்றுவிட்டது. அவராக இருந்தால் பதில் சொல்லமாட்டாரா? அப்படியென்றால் அது என்ன? ஓடிவிடு என்றுதான் கால் சொன்னது. ஓடிப்போய் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது?

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். சொல்லாமல் நின்று ஆயுசே போய்விட்டால்? தாலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன்.

"காத்தமுத்தூ!"

"இங்க!" என்று பெரணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

பள்ளத்தில் கால் பிசகி விழுந்து கிடந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீயா கூப்பிட்ட?"

"பின்ன யாரு? தொண்ட கிழியக் கத்துறேன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மோகினின்னு நெனச்சேன் புள்ள. பொம்பளக் கொரலுக்குப் பதில் சொன்னா கூட்டிட்டுப் போயிருமாம். அதுக்கு என் பேரு தெரியாதுல்ல? பேரச் சொன்னப்பறம்தான் உசுரே வந்துச்சு."

"எங்கொரல் உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க கேட்டேன்? வீட்டுல நீ வாயத் தொறந்தாத்தானே?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே, தோளில் தாங்கி அக்கா வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழியில் மெல்ல, "நீ பேரச் சொன்னத அம்மாகிட்ட சொல்லமாட்டேன்" என்றார். கடைசிவரை சொல்லவில்லை. நானும் மறுபடி அந்தப் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து குசுகுசுப்பு போயிற்று. நான் அடுப்படியிலிருந்து "ஏங்க" என்றால் லயமே திரும்பிப் பார்க்கும்.

அந்த மலையை வெட்டிச் சமமாக்கிச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயமும் இல்லை, மாமியாரும் இல்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் பேரை நான் தாராளமாகச் சொல்லலாம், எழுதலாம், இதோ எழுதியும்விட்டேன். "ஏங்க" என்று கூப்பிடத்தான் ஆளில்லை.