ஹனாவுக்காகக் கல்முனையில் பார்த்த இரண்டு பாடசாலைகள்

என் மகள் ஹனாவுக்கு எட்டு வயது. காது மிகக் குறைவாகத்தான் கேட்கும். பொத்துவிலில் அவள் படித்த பாடசாலையில் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுவாள். எழுதியது என்னவென்று தெரியாது. நோன்புப் பெருநாள் முடிந்து பாடசாலை திறந்த கிழமை, அவளைக் கூட்டிக்கொண்டு கல்முனைக்குப் போனேன்.

காலை ஆறு மணி பஸ். அக்கரைப்பற்று வழியாக எழுபது கிலோமீற்றர் அளவு வரும். அக்கரைப்பற்றில் கூட்டம் ஏறிவிடும், முன்னமே இருக்கை பிடியுங்கள்.

கல்முனையில் ஆட்டோக்காரர் கேட்டார், "வாய் பேசாத புள்ளையள்ற ஸ்கூலா ராத்தா?"

"காது கேக்காத புள்ளையள்ற."

"ஓம், ஓம், அதுதான்."

அந்த விசேட பாடசாலையில் எல்லோரும் சைகையில் கதைத்தார்கள். ஒரு சிறுமி ஹனாவின் கன்னக்குழியைத் தொட்டுக் கையால் ஏதோ காட்டினாள். "உங்கட மகளுக்குச் சைகையில பேர் வெச்சிட்டா," என்றார் ஆசிரியை. ஹனா வாய்விட்டுச் சிரித்தாள். ஊர் வகுப்பில் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பாள்.

பிறகு நற்பிட்டிமுனைப் பக்கம், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒரு பாடசாலை. சக்கர நாற்காலியில் இருந்த பிள்ளையொன்று சிநேகிதிகளோடு கணக்குச் செய்துகொண்டிருந்தது. அதற்கு அதுதான் சரியான இடம். ஹனாவையும் அன்பாக முன்வரிசையில் இருத்தினார்கள். ஆனால் ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பியே பாடம் சொன்னார். அவர் உதடு தெரியாமல் ஹனா ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினாள்.

வீட்டில் கணவர் விசேட பாடசாலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரோடயும் கலந்து படிச்சாத்தானே நாளைக்கு எல்லாரோடயும் இருப்பா?"

"இப்ப ஆரோட இருக்கா?" என்றேன்.

அவர் அடுத்த கிழமை தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில் ஓர் அறை வாடகைக்குத் தேடினார். இப்போது கிழமை நாட்களில் ஹனாவும் நானும் அங்கே. வெள்ளி பின்னேரம் பொத்துவில்.

போகிறவர்களுக்கு: முதலே அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அதிபரின் அறையோடு திரும்பிவிடாமல் ஒரு பாடம் முழுக்க வகுப்பின் பின்னால் இருங்கள். பலகையை விட்டு உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

போன சனிக்கிழமை ஹனா எங்கள் இரண்டு பேரோடும் முதல் தடவையாகச் சண்டை பிடித்தாள். அழாமல், பொருளை எறியாமல், கைகளால், முழு வசனங்களில். எங்களுக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை மெதுவாக இன்னொரு தரம் சொல்லச் சொன்னோம்.