மாடிக்கு ஒரு நாள் வாடகை

எங்கள் வீட்டு மொட்டை மாடி ஒரு நாள் வாடகைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் போகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், விசில் அடித்து அவரை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருப்பேன். முப்பத்தொரு வருஷம் கீரனூர் திருச்சி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். உளறுகிறவர்களை இறக்கிவிடுவது எனக்குப் புதிதில்லை.

வீட்டில் வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது. ஐப்பசி மழைக்கு மாடி ஒழுகும். நடுக்கூடத்தில் மூன்று இடத்தில் பாத்திரம் வைப்போம். ஆனால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வாடிவாசல் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தோனியார் பொங்கலுக்கு மறுநாள் ஜல்லிக்கட்டு. வாடிக்குள்ளிருந்து மாடு மூக்கை நீட்டுவது முதல், களத்தின் கடைசியில் சொந்தக்காரர்கள் கயிற்றோடு நின்று அதைப் பிடிப்பது வரை, எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி மூலையில் நின்றால் ஒன்று விடாமல் தெரியும். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் துணி காயப்போடுகிற இடம் அது. அந்த ஒரு நாள் மட்டும் அதற்கு வருகிற மவுசு சொல்லி முடியாது.

அந்தத் தொட்டி மூலை என் தங்கச்சியுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் ஜல்லிக்கட்டு அன்றைக்குப் பிறந்த வீட்டுக்கு வருவது எங்கள் ஊர் வழக்கம். சேலை எடுத்துக் கொடுக்காவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். மாடியில் இடம் இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. அவளை அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். வந்ததும் மேலே போய், பழைய சிமெண்டுச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அந்த மூலையில் உட்கார்ந்தால், கடைசி மாடு போகிறவரை எழுந்திருக்க மாட்டாள். சோறுகூட என் மனைவிதான் மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் இறந்துபோனான். பிள்ளை இல்லை. அவளுடைய கல்யாணத்துக்கு நான் ஓட்டிவிட்ட பசுவின் வழியில் வந்த ஒரு காளைக்கன்று அப்போது கொட்டத்தில் நின்றது. விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பருத்திக்கொட்டை, துவரம்பொட்டு என்று வாங்கிப் போட்டாள். கண்மாயில் நீச்சல் விட்டாள். மண்மேட்டில் குத்தப் பழக்கினாள். அந்த ஊரில், "மாமியாளக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்று கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் போன வீட்டில் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம்தான் வந்தது.

மார்கழிக் கடைசியில் திருச்சியிலிருந்து ஒருவர் காரில் வந்தார். கல்யாணம், கம்பெனி விழா எல்லாம் நடத்திக் கொடுக்கிறவராம். இஸ்திரி கலையாத சட்டை. வாயெல்லாம் பல். மாடிக்கு ஏறிப் பார்த்தவர், அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து காலால் அளந்தார்.

"ஐயா, பெரிய பெரிய கம்பெனி ஆளுங்க குடும்பத்தோட வாராங்க. வெயில்ல நிக்கச் சொல்ல முடியுமா? சோபா போட்டு, பந்தல் போட்டு, கம்பளம் விரிச்சு, ஏர்கூலர் வச்சு, அவங்களுக்கு வீடு மாதிரி பண்ணிக் குடுத்துருவோம். மத்தியானம் பிரியாணி. பாத்ரூம்கூட மேலயே கட்டிருவோம். அது அப்புறம் ஒங்களுக்குத்தான்."

"எவ்வளவு குடுப்பீங்க?"

தொகையைச் சொன்னார். மாடிக்குத் தளஓடு பதிக்கக் கொத்தனார் சொன்ன கணக்கு கிட்டத்தட்ட அதேதான். நான் யோசிப்பதுபோல் தலையைச் சொறிந்தேன். உண்மையில் யோசிக்கவே இல்லை.

ஒப்பந்தக் காகிதத்தில் முப்பது பேர் என்று போட்டிருந்தது. இன்ஜினியர் வந்து பார்த்து, அந்த மாடி அவ்வளவு பேரைத்தான் தாங்கும் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். வீட்டுக்காரர் என்பதால் எனக்கும் மனைவிக்கும் இரண்டு இடம் அதற்குள்ளேயே உண்டு. மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் எழுதியிருந்தார்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். படித்தது எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் விஷயம். பஸ்ஸிலும் எழுதித்தான் வைத்திருப்பார்கள், உட்கார இத்தனை, நிற்க இத்தனை என்று. நான் எந்தக் காலத்தில் அதைப் பார்த்தேன்? "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று சொல்லியே காலம் தள்ளியவன். இன்னும் ஒரு ஆளுக்கு எப்போதும் இடம் இருக்கும் என்பது என் எண்ணம். என் தங்கச்சி ஒருத்தி ஓரமாக உட்கார்ந்தால் மாடி இடிந்தா விழும் என்று நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது. குரலே வேறாக இருந்தது.

"அண்ணே, டோக்கன் வந்துருச்சு. நம்மூரு வாடிலதான் மாட்ட அவுக்குறோம். கொழுந்தன் கூட்டியாரான். நான் முன்னாடியே வந்துருவேன். தொட்டி மூலைய எனக்கு வச்சிருண்ணே."

"ஒனக்கில்லாத எடமா? வா" என்றேன்.

மாடியை வாடகைக்கு விட்ட கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சொல்லுகிற அளவுக்குப் பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை.

ஜல்லிக்கட்டு அன்று காலை வீட்டு வாசலில் எனக்கே என் வீடு அடையாளம் தெரியவில்லை. மாடியைச் சுற்றி வெள்ளைத் துணி. படிக்கட்டுக்குச் சிவப்புக் கம்பளம். படிக்குக் கீழே கறுப்புச் சட்டை போட்ட ஒரு ஆள், அரிசி மூட்டை அகலத்துக்கு நின்றான். ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் மணிக்கட்டில் பச்சைப் பட்டை. எனக்கும் ஒன்று கட்டிவிட்டார்கள். என் மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குச் சமையல் இருந்தது. அவளுடைய பட்டையை அந்தத் திருச்சிக் காண்ட்ராக்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஒரு சோபாவில் உட்காரத் தலைக்கு எட்டாயிரம் என்று மேலே போன பிறகுதான் பேச்சோடு பேச்சாகக் கேள்விப்பட்டேன். வயிறு எரிந்தது. ஆனாலும் பெரிய மனிதர்கள் நடுவில் உட்கார்ந்து இளநீர் குடிப்பது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

தங்கச்சி வரும்போது பத்து மணி இருக்கும். சுற்றிவர ரோட்டை அடைத்துவிட்டதால் இரண்டு மைல் நடந்து வந்திருந்தாள். புதுச் சேலை. கையில் தூக்குச்சட்டி. நேராகப் படிக்கட்டுக்குப் போனவளைக் கறுப்புச் சட்டைக்காரன் கையை நீட்டித் தடுத்தான்.

"கையில பேண்ட் இருக்காம்மா?"

"இது எங்க வீடுங்க" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

மேலிருந்து பார்த்த நான் இறங்கி வந்தேன். ஆளைத் திட்டினேன். நான் திட்டினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். காண்ட்ராக்டர் ஓடி வந்தார். "ஐயா, முப்பது பேரும் மேல இருக்காங்க. ஒரு ஆள் கூடுனாலும் அதிகாரிங்க வந்து மாடியவே காலி பண்ணச் சொல்லிருவாங்க. எட்டாயிரம் குடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்களே கையெழுத்துப் போட்டுருக்கீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

வெளியே பார்வையாளர் கேலரிகள் நிரம்பி வழிந்தன. அவள் மாட்டுக்கு முறை வரப் போகிற நேரம். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"உள்ள டிவில நேரா காட்டுறான். கிட்டக்க தெரியும். அடுத்த வருஷம் மேல பாத்துக்கலாம்" என்றேன்.

"சரிண்ணே."

கூடத்தில் நாற்காலி போட்டு, நானே டிவியைப் போட்டுவிட்டு, மின்விசிறியையும் சுற்றவிட்டு, மேலே போனேன். ஆம், போனேன். என் பட்டையைக் கழற்றி அவளுக்குக் கட்டியிருக்கலாம். ஒரு தடவை கட்டினால் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும், திரும்ப ஒட்டாது என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கீழே உட்கார்ந்து அவளோடு டிவி பார்ப்பதற்குப் பட்டை எதற்கு? அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்காரர் என்று மைக்கில் என் பேரைச் சொல்வதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் போனேன். கடைசிவரை சொல்லவும் இல்லை.

மைக்கில் அன்னவாசல் பக்கத்து ஊரைச் சொல்லி, "ஒரு அம்மா வளத்த மாடுப்பா, தொட்டுப் பாரு" என்றார்கள். கதவு திறந்தும் மாடு வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றது. பிறகு ஒரே தாவலில் வந்து களத்தின் நடுவில் நின்று சுற்றியது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. நாலைந்து பேர் நெருங்கினார்கள். ஒருவன்கூடத் திமிலில் கை வைக்க முடியவில்லை. அது அவசரமே இல்லாமல் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடைசிக்கு ஓடியது. "மாடு ஜெயிச்சிருச்சு" என்று மைக் கத்தியது. சோபாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், காலால் தரையை மிதித்தார்கள். நானும் தட்டினேன். "என் தங்கச்சி மாடு, என் தங்கச்சி மாடு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் கைகொடுத்தார்.

கீழே நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். கதவு திறந்தும் மாடு நின்றதே, அந்த நேரம் பார்த்து டிவியில் விளம்பரம் வந்துவிட்டது. ஏதோ சமையல் எண்ணெய். தங்கச்சி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாளாம். விளம்பரம் முடிவதற்குள் தலைக்கு மேல் கைதட்டலும் மிதியும் கேட்டது. ஒழுகிப் பொரிந்திருந்த இடத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அவள் சேலையில் விழுந்தது. நிமிர்ந்து மேலே பார்த்தாளாம். திரும்பப் படம் வந்தபோது வேறு மாடு.

"சாப்புட்டுப் போங்க" என்று என் மனைவி கையைப் பிடித்திருக்கிறாள்.

"இல்ல மதினி. மாட்டப் பிடிக்கணும். அண்ணேட்ட சொல்லிருங்க."

நான் பெருமையோடு இறங்கி வந்தபோது தூக்குச்சட்டி மட்டும் நாற்காலியில் இருந்தது. உள்ளே எனக்குப் பிடித்த கருவாட்டுத் தொக்கு. சோறு எடுத்து வைக்கட்டுமா என்று மனைவி கேட்டாள். தூக்குச்சட்டியை மூடி வைத்தேன்.

பணத்தில் தளஓடு பதித்தோம். மாடி இப்போது ஒழுகுவதில்லை. மேலே பாத்ரூம் இருக்கிறது. தங்கச்சி சண்டை போடவில்லை. போன் செய்தால் எடுப்பாள், நன்றாக இருக்கிறேன் என்பாள், வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி, இரண்டு மாதத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் அப்படித்தான் தீர்ந்திருக்கிறது.

அடுத்த மார்கழியில் அதே காண்ட்ராக்டர் வந்தார். இந்தத் தடவை இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். தெருவில் மற்ற மாடிகளையெல்லாம் பேசி முடித்துவிட்டாராம். காரில் ஏறுகிற வரைக்கும் அவரைத் திட்டினேன். பாவம், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

மறுநாளே பழம், பூ வாங்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். "வாங்கண்ணே" என்றாள். நாற்காலி போட்டாள். காப்பி கொடுத்தாள். மாடு கொட்டத்தில் நின்று அசைபோட்டது.

"மாடிய யாருக்கும் விடல. ஒனக்காகச் சும்மா வச்சிருக்கேன்."

"எதுக்குண்ணே? வர்ற காச ஏன் விடணும்?"

"நீ வருவீல்ல?"

"மாடு பிடிக்கிற எடத்துல நிக்கணும்ணே. கொழுந்தனுக்குத் தனியா முடியல" என்று சொல்லிவிட்டு, காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வேறு என்னவோ பேசிவிட்டு வந்தேன்.

இந்த வருஷ ஜல்லிக்கட்டை நானும் என் மனைவியும் மட்டும் மாடியில் நின்று பார்த்தோம். இரண்டு பக்கத்து மாடிகளிலும் பந்தல், சோபா, கூலர். எங்கள் மாடி வெயிலில் வெறுமனே கிடந்தது. தொட்டி மூலையில் சிமெண்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, மேலே ஒரு துண்டை விரித்து வைத்திருந்தேன்.

செவலை மாடு இந்தத் தடவையும் யாருக்கும் சிக்கவில்லை. அது ஓடிய பக்கம் பார்த்தேன். களத்தின் கடைசியில் ஆம்பளைக் கூட்டத்துக்கு நடுவே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, புழுதியில், கயிற்றோடு அவள் நின்றாள். தொட்டி மூலையிலிருந்து அவள் முகம்வரை தெரிந்தது. மாடு அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கழுத்தில் கயிற்றைப் போட்டாள்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பக்கத்து மாடியில் சோபாவில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கீழே நின்ற போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பக்கத்தில் நின்ற கொழுந்தன்கூடப் பார்த்தான். அவள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மாட்டை அன்னவாசல் ரோட்டுப் பக்கம் திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள்.

"மைக் சத்தத்துல கேட்டிருக்காதுங்க" என்றாள் என் மனைவி.

கேட்டிருக்கும். முப்பத்தொரு வருஷம், பஸ்ஸின் கடைசி சீட்டுவரைக்கும் கேட்கும்படி கத்திய தொண்டை இது.