சோடி சேர்த்து வைத்த சப்பாத்துகள்

போன சனிக்கிழமை ஹேர்னிங் என்ற டேனிஷ் ஊரில் ஒரு மத்தியானக் கச்சேரி. பாடி முடித்து இறங்கி வந்தால் என் சப்பாத்து ஒன்று ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் குப்புறக் கிடக்கிறது, மற்றதைக் காணோம். நானும் இசைக்குழுவும் நாலு காலில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் பார்த்தால் பக்கக் கதவு சாத்தாமல் இருக்க யாரோ அதை முட்டாக வைத்திருக்கிறார்கள். பாடகிக்கு மேடையில் சப்பாத்தைக் கழற்ற வேண்டிய தேவை என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் அதை ஒரு நாயிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய முதல் காரைப் பன்றிப் பண்ணைக்காரர் ஒருவரிடம் வாங்கினார். பண்ணைக்காரரின் நாய் காரோடு வரவில்லை, அதன் மணம் மட்டும் வந்தது. அம்மா வெள்ளிக்கிழமைகளில் காருக்குள் சாம்பிராணி காட்டினாள். மணம் போகவில்லை, நாய்க்குப் பூசை வைத்தது போல இரண்டும் சேர்ந்து நின்றது. இன்றைக்கும் எங்கேயாவது சாம்பிராணி மணம் வந்தால் எனக்கு ஒரு நனைந்த நாயின் ஞாபகம்தான் வருகிறது. கோயிலில் இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

காரோடு வந்த இன்னொன்று கசெட். பாட்டுப் பெட்டிக்குள் இறுகிவிட்டது. அப்பா கரண்டிக் காம்பால் நெம்பிப் பார்த்துக் கைவிட்டார். ஒரு பக்கம் முடிய அது தானாகவே மறுபக்கம் திரும்பிப் பாடும். சனிக்கிழமை தோறும் ஹேர்னிங் தமிழ்ப் பள்ளிக்குப் போக வர அதுதான். கன்ட்ரி என்ற நாட்டுப்புறப் பாட்டை மூக்கால் பாடும் ஓர் அமெரிக்கக்காரர். மனைவி போய்விட்டாள், லொறி பழுது, குதிரை செத்துவிட்டது. அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை, ஆனால் விசயம் விளங்கிவிட்டது. ஒருநாள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடியே கேட்டார்: "இந்தாளுக்கு ஒரு நல்ல காரியமும் நடக்காதோ?"

நான் பின் ஆசனத்தில் இருந்து கேட்டுக் கேட்டு, பள்ளியில் இறைவணக்கத்தையும் மூக்கால் இழுத்துப் பாடத் தொடங்கினேன். ஆசிரியை தடிமனோ, மூக்கடைப்போ என்று கேட்டு அம்மாவுக்குத் துண்டு எழுதி அனுப்பினார். அம்மா இரண்டு வாரம் கொத்தமல்லி அவித்துத் தந்தாள். பிறகு வீணை வகுப்புக்கு அனுப்பினாள். அங்கே நான் வீணையை அடுத்த வீட்டுக் குழந்தையை வைத்திருப்பது போல, எப்போது திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கிற்றார் கைக்கு வந்தது டேனிஷ் பள்ளிக்கூடத்தில், பதினாலு வயதில். அன்றிலிருந்து வீட்டில் சமாதானம் இல்லை.

என் முதல் ரசிகர்கள் முதியோர் இல்லத்துக்காரர்கள். அங்கே வேலை செய்தபோது கோப்பி நேரத்தில் பாடுவேன். பாதிப் பேர் நித்திரை, மீதிப் பேரால் எழும்பி ஓட முடியாது. ஒரு பாடகிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. அங்கேதான் டேனிஷில் சொந்தமாகப் பாட்டு எழுதத் தொடங்கினேன். முதல் பாட்டு அந்த நாய் மணக் கார் பற்றியது. பிறகு பேஸ் கிற்றார் வாசிக்கும் லார்ஸும், ஒரு மேளக்காரரும், அவருடைய தம்பியும் சேர்ந்தார்கள்.

இருபத்தைந்து வயதானபோது அம்மா கடைசி உத்தரவு போட்டாள். ஒரு கச்சேரி வை, யாராவது மதித்து மேடைக்குக் கூப்பிட்டால் பாடு, இல்லையென்றால் கிற்றாரைப் பரணில் போட்டுவிட்டுத் தாதிப் படிப்புக்குப் போ. நானும் ஒத்துக்கொண்டேன். கோடை இசைவிழா ஒன்றுக்குக் குழுக்களைத் தெரிவு செய்யும் கியர்ஸ்டன் என்ற பெண்மணி வரச் சம்மதித்தார். மூன்று மணிக்கு வருவேன், ஐந்து மணிக்கு ரயில் என்று எழுதியிருந்தார். பிராண்டேயில் மண்டப ஒழுங்கை அப்பாவிடம் விட்டேன். அதுதான் நான் செய்த பிழை.

அப்பாவுக்குத் தெரிந்த முதல் கச்சேரி என்றால் அரங்கேற்றம். இருநூறு அழைப்பிதழ் அடித்துவிட்டார். வாசலில் நிறைகுடம், மேடையில் குத்துவிளக்கு, பிரதம விருந்தினராக அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ஒரு மாமா. மூன்று மணிக்கு வந்தது கியர்ஸ்டன் மட்டும். சனம் வந்து சேர நாலு மணி. பிறகு விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை. மாமா கார் ஓடி வந்த மூன்று மணித்தியாலத்துக்கும் சேர்த்துப் பேசினார். இடையில் லார்ஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் அதைக் குளிருக்குத் தந்ததாக நினைத்து இறுக்கிச் சுற்றிக்கொண்டான். கியர்ஸ்டன் நாலாவது மட்டன் ரோலைச் சாப்பிட்டபடி மணியைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க எங்களைக் கூப்பிட்டார்கள். ஓடிப் போய்ப் படியில் காலை வைக்க, அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"மேடையெல்லோ பிள்ளை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

நேரமில்லை என்றேன், கெஞ்சினேன். அவர் அசையவில்லை. எல்லாரும் கழற்றினோம். லார்ஸின் காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே நின்று சபையைப் பார்த்தது. மேளக்காரரின் கால் பெரிய மேளத்தின் மிதியில் வழுக்கி வழுக்கித் தாளம் அரை அடி பிந்தியது. கார் பாட்டு ஒன்றைத்தான் பாட முடிந்தது. பாடும்போது கீழே பார்த்தேன். அப்பா சபைக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, எங்கள் சப்பாத்துகளைச் சோடி சேர்த்து, இறங்கினவுடன் கால் நுழைக்கத் தோதாக வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு தாளம் பற்றிய கவலை எனக்கு இருக்கவில்லை.

கியர்ஸ்டன் கோட்டைப் போட்டபடி வந்து அப்பாவிடம் கேட்டார்: சப்பாத்தில்லாமல் பாடுவது இந்தக் குழுவின் வழக்கமா? எங்களை அன்றைக்குத்தான் முதன்முதல் மேடையில் கண்ட அப்பா, தொழிற்சாலை டேனிஷில் முகம் மாறாமல் சொன்னார்: "எப்பவும்." இப்படி ஒரு கன்ட்ரி குழுவைத் தான் கண்டதேயில்லை என்று சிரித்த கியர்ஸ்டன், கோடை விழாவுக்கு அந்த இடத்திலேயே எங்களைப் பாட அழைத்தார். அம்மா அவருக்கு இன்னும் ஆறு ரோல் பார்சல் கட்டிக் கொடுத்தாள்.

அப்பா சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் இத்தனை வருடமாகச் சப்பாத்தில்லாமல் பாடுகிறோம். மழையில், ஒருமுறை மாட்டுச் சந்தையில்கூட. அப்பாவும் எல்லாவற்றுக்கும் வந்தார். அவர் ஒரு பாட்டையாவது முழுதாகப் பார்த்தாரோ தெரியாது. சப்பாத்தைத்தான் பார்த்தார்.

நாய் மணக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது, கசெட் உள்ளேயே இருந்ததால் அந்த மூக்குப் பாடகரின் பெயர் கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. பிராண்டே மண்டபத்தை உடற்பயிற்சி நிலையம் ஆக்கிவிட்டார்கள். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. இனிக் குந்த முடியாது, கார் ஓடுவதும் இல்லை. வீட்டில் இருந்து கைத்தொலைபேசியில் கச்சேரியை நேரலையாகப் பார்க்கிறார்.

போன சனிக்கிழமையும் கச்சேரி முடிந்தவுடன் அழைத்தார். பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"சப்பாத்தெல்லாம் சோடியாக் கிடந்ததோ?"

கதவடியில் மிதிபட்டுக் கிடந்த சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி சொன்னேன்:

"ஓம் அப்பா. எப்பவும்போல."